பூமியை முழம் போட்ட லாம்டன் துரை

கம்பத்தில் நின்று பார்த்தால் மூன்று பக்கமும் மலை. மேற்கே குமுளி மலை. கிழக்கே வருசநாட்டு மலை. வடக்கே தேனியைத் தாண்டினால் பழனி மலைத்தொடர். நடுவே தொட்டில் போலக் கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு.

இந்த மலைகள் எத்தனை அடி உயரம்? ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எத்தனை மைல்? மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆறு, இந்தப் பக்கத்து வயலைவிட உயரத்தில் ஓடுகிறதா, தாழ்வில் ஓடுகிறதா?

200 ஆண்டுகளுக்கு முன்பு இதற்கெல்லாம் சரியான விடை யாருக்கும் தெரியாது. கும்பெனி சர்க்காரிடம் படங்கள் இருந்தன. ஆனால் பட்டாளம் நடந்து போன பாதையை வைத்து, குத்துமதிப்பாக எழுதிய படங்கள் அவை. ஒரு படத்தில் இருக்கும் மலை இன்னொரு படத்தில் பத்து மைல் தள்ளி நிற்கும்!

இந்தக் குளறுபடியைத் தீர்க்க ஒரு மனிதர் புறப்பட்டார். அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணில் பார்வைக் குறை. கையில் ஓர் இரும்புச் சங்கிலி. அவர்தான் வில்லியம் லாம்டன்.

ஏழை வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தில் யார்க்ஷயர் என்ற பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் லாம்டன். பிறந்த ஆண்டு 1753 என்பார்கள்; 1756 என்பாரும் உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைகளின் பிறந்த நாளை யார் எழுதி வைத்தார்கள்?

பையனுக்குக் கணக்கு நன்றாக வந்தது. படிப்பு முடிந்து, 1781-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அப்போது அமெரிக்கர்கள் விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டிலேயே யார்க்டவுன் என்ற இடத்தில் ஆங்கிலப் படை தோற்றது. லாம்டன் கைதியானார்.

விடுதலையான பிறகு கனடா பக்கம் வேலை. எல்லைக்கோடு அளப்பது, குடியேற வந்தவர்களுக்கு நிலம் அளந்து கொடுப்பது, பட்டாள வீடுகளைக் கவனிப்பது. இப்படியே பல ஆண்டுகள் ஓடின. பெயர் இல்லை, பதவி உயர்வு இல்லை. ஓய்ந்த நேரமெல்லாம் கணக்குப் புத்தகம்தான். ஒருநாள் சூரிய கிரகணத்தைக் கருவி வழியாகத் தகுந்த கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட்டார். ஒரு கண் பழுதாயிற்று. (கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கக்கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது வீண் பேச்சு அல்ல.)

பிறகு அவருடைய பட்டாளம் இந்தியாவுக்கு வந்தது. லாம்டனும் வந்தார். அதற்குப் பிறகு அவர் தாய்நாடு திரும்பவே இல்லை.

நட்சத்திரம் காட்டிய வழி

1799-ல் திப்பு சுல்தான் மீது கும்பெனி படையெடுத்தது. சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டார்கள். ஓர் இரவு தளபதி பேர்டு துரையின் படை இருட்டில் நடந்துகொண்டிருந்தது. தெற்கே போகிறோம் என்று தளபதி நினைத்துக்கொண்டிருந்தார்.

லாம்டன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். நட்சத்திரங்கள் இருந்த நிலையைக் கண்டு திடுக்கிட்டார். படை வடக்கே போய்க்கொண்டிருந்தது! நேரே திப்புவின் படை இருக்கும் இடத்துக்கு!

தளபதியிடம் விஷயத்தைச் சொன்னார். தளபதிக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு விளக்கைக் கொளுத்தித் திசைகாட்டும் பெட்டியைப் பார்த்தார்கள். லாம்டன் சொன்னதே சரி. படை திரும்பியது.

போர் முடிந்ததும் மைசூர்ச் சீமையின் பெரும் பகுதி கும்பெனியின் பிடிக்குள் வந்தது. அப்போது லாம்டன் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தார். கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை குறுக்கே அளக்க வேண்டும். வெறும் படம் போடுவதற்கு மட்டும் அல்ல. பூமியின் வடிவத்தையே கண்டுபிடிக்க வேண்டும்.

சென்னையில் பணக் கணக்குப் பார்த்த கனவான் ஒருவர் இதைக் கேட்டு முகம் சுளித்தாராம். சீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, படம் எதற்கு என்பது அவர் வாதம். நல்லவேளையாக, சென்னைக் கவர்னர் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

பரங்கிமலைச் சங்கிலி

அளப்பதற்குக் கருவி வேண்டுமே! கோணம் பார்க்கும் பெரிய யந்திரத்தை லண்டனில் செய்யச் சொன்னார்கள். தியோடலைட் என்பது அதன் பெயர். அரை டன் கனம். கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு அது சாஸ்திர வேலைக்கு உரிய கருவி என்று அறிந்ததும், பெருந்தன்மையோடு சென்னைக்கே அனுப்பி வைத்தார்கள். சண்டைக்காரர்களிடமும் இப்படி ஒரு மரியாதை அந்த நாளில் இருந்தது.

சங்கிலியின் கதை வேறு. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோனார்கள். அவர் வேண்டாம் என்றதால் அது கல்கத்தாவுக்கு வந்து கிடந்தது. 100 அடி நீளம்; இரண்டரை அடி நீளமுள்ள 40 எஃகுத் துண்டுகளைக் கோத்தது.

1802 ஏப்ரல் 10. சென்னைக்குத் தெற்கே பரங்கிமலை அருகில் வேலை தொடங்கியது. அங்கிருந்து பெரும்பாக்கம் குன்று பக்கம் வரை ஏழரை மைல் நேர்கோடு. இந்தக் கோட்டைச் சங்கிலியால் அளக்க வேண்டும். 100 அடிச் சங்கிலியை 400 தடவை போட வேண்டும்.

இதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். ஏப்ரல் மாதச் சென்னை வெயிலை நினைத்துப் பாருங்கள். வெயில் பட்டால் இரும்பு நீளும். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லருக்கு இது தெரியும். காய்ச்சினால் பட்டை விரியும், ஆறினால் இறுகும். சூடு பாரன்ஹீட் கணக்கில் 30 டிகிரி ஏறினால் 100 அடி எஃகுச் சங்கிலி ஏறக்குறைய கால் அங்குலம் நீளும். கால் அங்குலம்தானே என்று விட்டுவிட்டால், 400 தடவையில் அது ஏழடிக்கு மேல் போய்விடும்!

ஆகவே லாம்டன் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தினார். மேலே கூடாரம் போட்டு வெயிலை மறைத்தார். பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு தடவையும் சூட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். வாரக்கணக்கில் இந்த வேலை நடந்தது. தவறு நேரக்கூடாது. ஏனென்றால் இந்த ஒரு கோட்டின் மேல்தான் தென்னாடு முழுவதன் அளவும் நிற்கப்போகிறது.

பனைமரக் கணக்கு

ஒரு கோட்டை வைத்துக்கொண்டு ஒரு நாட்டை எப்படி அளப்பது?

உங்கள் வயல் வரப்பு 100 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பனைமரம். வரப்பின் ஒரு முனையில் நின்று மரத்தைப் பார்த்து, வரப்புக்கும் உங்கள் பார்வைக்கும் உள்ள கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுமுனைக்குப் போய் அதேபோல் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு முக்கோணம் கிடைத்துவிட்டது. ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களின் நீளத்தைக் கணக்கே சொல்லிவிடும். ஆற்றில் கால் நனைய வேண்டியதில்லை.

அந்தப் புதிய பக்கத்தை அடியாக வைத்து அடுத்த முக்கோணம். அதன் மேல் இன்னொன்று. இப்படி மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம் தாவிக்கொண்டே போகலாம். எங்காவது ஓரிடத்தில் மறுபடியும் சங்கிலி போட்டு அளந்து பார்த்தால், இதுவரை போட்ட கணக்குச் சரியா தவறா என்பது தெரிந்துவிடும்.

1804-ல் பெங்களூரில் அப்படி அளந்து பார்த்தார்கள். ஏழு மைல் கோட்டில், கணக்குக்கும் நேர் அளவுக்கும் இருந்த வித்தியாசம் ஒரு சாண் கூட இல்லை. சில அங்குலம்தான்! பரங்கிமலையிலிருந்து மலை மலையாக ஏறி வந்த கணக்கு அது.

பிறகு மங்களூர் வரை போனார்கள். அங்கே ஒரு வியப்பு காத்திருந்தது. சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவே அகலம் 400 மைல் என்று பழைய படங்கள் காட்டின. உண்மையில் இருந்தது 360 மைல். நாற்பது மைல் நாடு காணாமல் போய்விட்டது!

தஞ்சையில் ஓர் ஆபத்து

அடுத்து லாம்டன் தெற்கே திரும்பினார். 78-வது தீர்க்க ரேகையை ஒட்டி, வடக்கு தெற்காக ஒரு நீண்ட முக்கோணச் சங்கிலி. பெங்களூர்ப் பக்கமிருந்து கொங்கு நாடு வழியாகக் கன்னியாகுமரி வரை. திண்டுக்கல் அநேகமாக இந்த ரேகையின் மேலேயே இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு அதற்கு மேற்கே சுமார் ஐம்பது மைல்.

மலைநாட்டில் வேலை எளிது. உச்சியில் ஏறினால் நாலு திசையும் தெரியும். சோழநாட்டில் என்ன செய்வது? எங்கும் சமவெளி, எங்கும் தென்னந்தோப்பு. ஆகவே கோயில் கோபுரங்களில் ஏறினார்.

1808-ல் தஞ்சைப் பெரிய கோயில். அரை டன் யந்திரத்தைக் கயிறு கட்டி விமானத்தின் மேலே தூக்கினார்கள். சுவரில் இடிக்காமல் யந்திரத்தை விலக்கிப் பிடித்திருந்த கயிறு பாதியில் அறுந்தது. யந்திரம் ஊஞ்சல் போல் ஆடிப்போய்க் கல்லில் மோதியது.

பெட்டி நொறுங்கியது. கோணம் குறித்திருந்த வட்டம் நசுங்கி வளைந்துவிட்டது. இந்தியாவில் அதற்கு ஈடான கருவி கிடையாது. லண்டனிலிருந்து இன்னொன்று வருவதென்றால் ஆண்டுக்கணக்கு ஆகும். எல்லாம் முடிந்தது என்றே உடன் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

லாம்டன் யாரையும் திட்டவில்லை. கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். தலைமைத் தொழிலாளிகளைத் தவிர வேறு யாரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. ஒரு பெரிய பலகையில், யந்திர வட்டம் முன்பு இருந்த அளவுக்கே ஒரு வட்டம் வெட்டினார். வளைந்த உலோகத்தை ஆப்பு வைத்தும் திருகு வைத்தும் கப்பி போட்டும் மெல்ல மெல்ல இழுத்து, அந்த வட்டத்துக்குப் பொருந்தச் செய்தார். கோணிய கைகளைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கினார். ஆறு வாரம்! யந்திரம் கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டே மேலும் பல ஆண்டுகள் அளந்தார்.

அந்த யந்திரம் ஊரூராகப் போனபோது மக்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதன் குழாய் வழியாகப் பார்த்தால் உருவம் தலைகீழாகத் தெரியும். வீட்டுப் பெண்களை எட்டிப் பார்க்கிற மந்திரக் கண்ணாடி என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். கொடி நட்டால், நாட்டைப் பிடிக்க அடையாளம் வைக்கிறான் என்று பாளையக்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். அதுவும் முழுப் பொய் அல்லவே! படம் கையில் இருந்தால் வரி வாங்குவதும் எளிது, பட்டாளம் அனுப்புவதும் எளிது. கும்பெனி காசு கொடுத்தது பூமியின் வடிவத்தை அறிவதற்கு மட்டும் அல்ல.

தூக்குக்குண்டு பொய் சொல்லுமா?

1809-ல் பாளையங்கோட்டைப் பக்கம் இன்னொரு கோடு அளந்து, கணக்கைச் சரி பார்த்தார். குமரிமுனை அருகே வரை முக்கோணங்கள் போய்ச் சேர்ந்தன.

இப்போது பூமியின் வடிவத்தைக் கேட்கலாம். ஓரிடத்தில் நட்சத்திரம் உச்சிக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பார்க்க வேண்டும். தெற்கே போய் அதே நட்சத்திரத்தைப் பார்த்தால், அது சற்று விலகித் தெரியும். அந்த விலகல் ஒரு டிகிரி என்றால், நடந்த தூரமே ஒரு டிகிரிக்கு உரிய நீளம். பூமி முழு உருண்டையானால் இந்த நீளம் எங்கும் ஒன்றாக இருக்கும். ஆனால் பூமி துருவங்களில் சற்றுத் தட்டை. இன்றைய கணக்குப்படி ஒரு டிகிரிக்குப் பூமத்திய ரேகையில் சுமார் 110.6 கிலோமீட்டர், துருவத்தில் 111.7 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்துக்காகத்தான் இத்தனை பாடு!

எது உச்சி என்று காட்டுவது தூக்குக்குண்டு. கொத்தனார் சுவர் பார்க்கும் அதே குண்டு. பெங்களூர் அருகே எடுத்த கணக்கு ஒன்று மற்றவற்றோடு ஒத்துவரவில்லை. லாம்டன் திரும்பத் திரும்பப் பார்த்தார். மனிதத் தவறு தெரியவில்லை. பூமிக்கு அடியில் கனத்த பாறையோ உலோகமோ இருந்து, குண்டைப் பக்கவாட்டில் இழுக்கிறது என்று ஐயுற்றார். ஒத்துவராத எண்ணை அடித்துவிட்டு அழகான கணக்கைக் காட்டியிருக்கலாம். அவர் அதை அப்படியே எழுதி வைத்தார். நிலத்தடிப் பாறையின் இழுப்பை ஆராய்வது பிற்காலத்தில் தனிச் சாஸ்திரமாகவே வளர்ந்தது.

இன்று நிலவைப் படம் எடுக்கிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. நிலவுக்கு அடியிலும் கனத்த பாறைத் திரட்சிகள் இருக்கின்றன. மேலே சுற்றும் விண்கலத்தை அவை இழுத்து, பாதையைச் சற்று மாற்றிவிடுகின்றன. கலம் எங்கே இருக்கிறது, காமிரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற இரண்டும் துல்லியமாகத் தெரியாவிட்டால், படத்தில் உள்ள பள்ளத்தை வரைபடத்தில் எங்கே வைப்பது? 100 கிலோமீட்டர் உயரத்தில் காமிராவின் பார்வை, ஒரு டிகிரியை 3,600 பங்காக்கி அதில் ஒரு பங்கு பிசகினாலும், தரையில் ஏறக்குறைய அரை மீட்டர் தள்ளிப்போகும். ஆகவே கலமும் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் திசை அறிகிறது. ஒரே பள்ளத்தை இரண்டு மூன்று கோணங்களில் படம் பிடித்து, முக்கோணக் கணக்கால் அதன் இடத்தையும் உயரத்தையும் காண்கிறார்கள். பனைமரக் கணக்கேதான்! 2008-ல் புறப்பட்ட சந்திரயான்-1 முன்னே, நேர் கீழே, பின்னே என்று மூன்று திசையிலும் பார்க்கும் காமிராவைக் கொண்டுபோனது. 2019-ல் சந்திரயான்-2 இறக்கிய கலம் நிலவில் மோதி உடைந்தது. ஆனால் மேலே சுற்றிய தாய்க்கலம் எடுத்த நுட்பமான படங்களை வைத்து, சந்திரயான்-3 இறங்குவதற்கு நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள நல்ல இடத்தைத் தேர்ந்தார்கள். 2023 ஆகஸ்டு 23-ல் அது பத்திரமாக இறங்கியது.

மலைக்கு அப்பால் தண்ணீர்

லாம்டனின் முக்கோணங்கள் எலும்புக்கூடு. அதற்குச் சதை வைத்துப் படம் எழுதினவர்கள் வேறு பலர். அவர்களில் முக்கியமானவர் வார்டு என்ற அதிகாரி. சென்னைச் சர்வே பள்ளியில் படித்தவர். மதுரை, திண்டுக்கல் சீமைகளின் விவரங்களை எழுதியவர் அவர்தான். 1816 முதல் 1820 வரை கானர் என்ற இன்னோர் அதிகாரியோடு திருவாங்கூர், கொச்சி நாடுகளையும் அளந்தார். கம்பத்துக்கு மேற்கே உள்ள காடுகளில் அளவுக்காரர்களை வாட்டியது புலி மட்டும் அல்ல, மலைக்காய்ச்சல்! கூட்டம் கூட்டமாகப் படுத்துவிட்டார்கள்.

படம் சரியாக இருக்க வேண்டியதன் அவசியத்தை இந்தப் பள்ளத்தாக்கைப்போல் உணர்ந்த இடம் வேறு இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு வெள்ளமாக ஓடி மேற்குக் கடலில் விழுகிறது. இந்தப் பக்கம் வைகை வறண்டு கிடக்கிறது. அந்த நீரை இங்கே திருப்ப முடியுமா என்று, இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆளனுப்பி ஆராய்ந்தார். பணம் இல்லாததால் நின்றது. 1808-ல், தஞ்சையில் யந்திரம் மோதிய அதே ஆண்டில், கால்டுவெல் என்ற பட்டாளப் பொறியாளர் வந்து பார்த்தார். மிக ஆழமாக வெட்ட வேண்டும், கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெட்டுவதா, அணை கட்டி நீரை உயர்த்துவதா? உயர்த்தினால் எத்தனை அடி? எந்த இடத்தில் மலையைக் குடைந்தால் நீர் தானே இறங்கி வரும்? இதற்கெல்லாம் வேண்டியது மலையின் சரியான உயரமும் தூரமும். அளவுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்த பிறகு, பென்னிகுயிக் துரை 1887-ல் தொடங்கி 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார். மலையைக் குடைந்த சுரங்கம் ஒரு மைலுக்குச் சற்று மேல். அதன் வழியாக வந்த நீரில்தான் கூடலூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் நெல் விளைந்தது. அதற்குள் லாம்டன் இறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன.

கடைசிப் பயணம்

குமரிமுனையிலிருந்து லாம்டன் வடக்கே திரும்பினார். கூத்தி, பீதர், ஐதராபாத்து என்று வேலை போய்க்கொண்டே இருந்தது. 1817-ல் லண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அதற்குள் அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. 1818-ல் ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற இளைஞர் உதவியாளராக வந்து சேர்ந்தார்.

வயது எழுபதை நெருங்கியும் கிழவர் ஓயவில்லை. இருமல் வாட்டியது. நாகபுரிக்குப் போகும் வழியில், 1823 ஜனவரி 20-ல், இங்கன்காட் என்ற ஊரில் கூடாரத்தில் உயிர் பிரிந்தது. அதுவரை அவருடைய முக்கோணங்கள் சுமார் 1,65,000 சதுர மைல் நிலத்தை வளைத்திருந்தன.

வேலையை எவரெஸ்ட் ஏற்றார். இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார். சங்கிலியை ஒதுக்கிவிட்டு, வெப்பத்தால் நீளம் மாறாதபடி இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் செய்த கம்பிகளைப் பயன்படுத்தினார். 1852-ல் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளிக் கணக்கர், உலகத்திலேயே உயர்ந்த சிகரம் எது என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டார். அதற்கு எவரெஸ்டின் பெயரைச் சூட்டினார்கள். 1860-களின் இறுதியில் பெங்களூரிலும் குமரிமுனையிலும் அந்தப் புதிய கம்பிகளால் மறுபடி அளந்து பார்த்தார்கள்.

லாம்டன் பெயர் அந்தச் சிகரத்துக்குக் கிடைக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் வார்தா ஜில்லாவில் உள்ள இங்கன்காட்டில் அவருடைய கல்லறை இருக்கிறது.